பந்தி விசாரணை

ஆந்தணி டிராலப்பின் ‘தி வார்டன்’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சின்னக் கணக்கு வருகிறது. பார்செஸ்டர் என்கிற கற்பனை நகரத்தில், உழைத்து ஓய்ந்த பன்னிரண்டு கிழவர்களுக்கு ஓர் அறச்சாலை. 1434இல் இறந்துபோன ஜான் ஹிரம் என்ற கம்பளி வியாபாரி எழுதிவைத்த உயிலின்படி நடக்கிறது. பெயர் ‘ஹிரம்ஸ் ஹாஸ்பிடல்’. ஊசி போடுகிற ஆஸ்பத்திரி இல்லை, பழைய பொருளில் அடைக்கல வீடு. கிழவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் படி. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் செப்டிமஸ் ஹார்டிங் என்ற பாதிரியார். அவருக்கு ஆண்டுக்கு 800 பவுண்டும் ஒரு நல்ல வீடும். பதவிக்கு வந்ததும் ஹார்டிங் தன் கைக்காசிலிருந்து ஆளுக்குத் தினமும் இரண்டு பென்ஸ் கூட்டிக் கொடுக்கிறார். கொடுக்கும்போதே ஒன்றைச் சொல்லியும்விடுகிறார்: இது என்னுடைய அன்பளிப்பு, அறக்கட்டளைப் பணம் இல்லை, எனக்குப் பின்னால் வருகிறவர் கொடுப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இந்த இரண்டு பென்ஸைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. நாவலைப் பற்றி எழுதியவர்களில் பலரும் 800 பவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயமா, கொள்ளையா, திருச்சபையின் ஊழலா என்று. எனக்கென்னவோ இந்தச் சில்லறைதான் உறுத்துகிறது. ஹார்டிங் நல்லவர் என்பதற்கு நாவல் தரும் முதல் சாட்சி அது. அவருடைய நல்ல குணம் எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. அன்பு பேரேட்டுக்கு வெளியே இருக்கிறது. அவர் இருக்கும்வரை இருக்கும்.

டிராலப் யார் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்தவர். தெருவில் நிற்கும் தபால் பெட்டி அவருடைய யோசனையின்பேரில் 1852இல் ஜெர்சி தீவில் வந்தது. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, கைக்கடியாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு ஆபீஸ் போகிறவர். தன் சுயசரிதையில் இதை வெட்கமில்லாமல் எழுதியும் வைத்தார். அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1883இல், அது வெளிவந்ததும் இலக்கிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் கணக்குப் பார்த்து எழுதலாமா என்று. பாதிரியார் கணக்குப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு இது அண்ணன் தம்பி உறவு. ஃபைலையும் மனிதனையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப் பழகிய ஓர் அரசு ஊழியர்தான் இங்கிலாந்துப் பாதிரியார்களைப் பற்றிய ஆகச் சிறந்த நாவல் வரிசையை எழுதினார் என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ‘தி வார்டன்’ 1855இல் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சின்ன நாவல், இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம்.

கதை இதுதான். ஜான் போல்ட் என்ற இளம் சீர்திருத்தவாதி, ஹிரமின் சொத்து வருமானம் பெருகியிருக்கும்போது கிழவர்களுக்கு ஏன் அதே படி என்று கேட்கிறான். நல்ல கேள்வி. ஹார்டிங்கின் இளைய மகள் எலினோரை அவன் காதலிக்கவும் செய்கிறான், அது அவனுடைய தலைவலி. ஏபல் ஹேண்டி என்ற கிழவர் மற்றவர்களை உசுப்பி, ஆளுக்கு வருஷம் 100 பவுண்டு வரும் என்று சொல்லி மனுவில் கையொப்பம் வாங்குகிறார். முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது, பெருக்கல் குறிதான் போடுகிறார்கள். ‘ஜூபிடர்’ பத்திரிகை ஹார்டிங்கைப் பேராசைக்காரர் என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கிறது. ஹார்டிங்கின் மூத்த மருமகன் ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி, சபையின் உரிமையை ஓர் அங்குலம் விடமாட்டேன் என்று வரிந்துகட்டுகிறார். வழக்கு ஒருவழியாகக் கைவிடப்படுகிறது. சட்டப்படி ஹார்டிங்குக்கு எந்த ஆபத்தும் இல்லை. அப்போதுதான் அவர் லண்டன் போய், பெரிய வக்கீல் சர் ஆபிரகாம் ஹாப்ஹஸார்டைச் சந்தித்து, வழக்கு நிற்குமா நிற்காதா என்பது என் கேள்வி இல்லை, அந்தப் பணம் எனக்குச் சேர வேண்டியதுதானா என்று கேட்கிறார். வக்கீலுக்குக் கேள்வியே புரியவில்லை. ஹார்டிங் பேசிக்கொண்டே, இல்லாத ஒரு செலோவைக் காற்றில் வாசிக்கிறார். பதற்றம் வந்தால் அவருக்கு அப்படி. ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

இந்த ராஜினாமாவை மனசாட்சியின் வெற்றி என்றே பொதுவாக வாசிக்கிறார்கள். நானும் அந்த வாசிப்பை ஒரேயடியாகத் தள்ளவில்லை. சட்டம் காப்பாற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு, சட்டம் போதாது என்று சொல்கிற கிழவரைப் பிடிக்காமல் போகுமா? ஆனால் டிராலப் நாவலை அங்கே முடிக்கவில்லை. கடைசியில் ஒரு சுற்று அந்த அறச்சாலைக்குள் நம்மை அழைத்துப் போகிறார். புது வார்டன் நியமிக்கப்படவில்லை. இடம் காலி. கிழவர்களில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள், அந்த இடங்களும் காலி. மிஞ்சியவர்களுக்குள் சண்டை. ஹார்டிங் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம் காடு மண்டிக்கிடக்கிறது. வருஷம் 100 பவுண்டு யாருக்கும் வரவில்லை. ஹார்டிங் அவர்களைக் கைவிடவில்லை, போய்ப் பார்க்கத்தான் செய்கிறார், சாகிறவர்களுக்கு ஜெபமும் செய்கிறார். ஆனால் அது இப்போது வெளியாள் ஒருவரின் எப்போதாவது வரும் இரக்கம். பக்கத்து வீட்டில், தோட்டத்தின் மறுபக்கம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்த ஆள் போய்விட்டார்.

மனசாட்சி சுத்தமானதற்கான செலவை யார் கட்டினார்கள்? ஹார்டிங் கொஞ்சம் கட்டினார். 800 பவுண்டை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 75 பவுண்டு வரும் சின்னஞ்சிறு கோயிலுக்குப் போனார், மருந்துக்கடை மாடியில் வாடகைக்குக் குடியேறினார். மீதியைக் கட்டியவர்கள் கிழவர்கள். எனக்கு இந்த நாவலில் மிகக் கூர்மையாகப் படுவது இதுதான். ஒரு நிர்வாகக் கேள்வி வந்தது: உயிலை இந்தக் காலத்துக்கு எப்படி வாசிப்பது, பெருகிய வருமானத்தை எப்படிப் பங்குவைப்பது. அதற்கு விடை காண வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து, பேரேட்டைத் திறந்து, ஆயரோடும் வக்கீலோடும் அந்த முரட்டு ஏபல் ஹேண்டியோடும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். போல்டுக்குக் கொள்கை இருந்தது, பொறுமை இல்லை. கிராண்ட்லிக்குப் பொறுமை இருந்தது, கேள்வி இல்லை. கேள்வி இருந்த ஒரே ஆள் ஹார்டிங். அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு பென்ஸைப் பேரேட்டில் ஏற்றப் பார்க்காத மனிதர், பேரேடே தவறு என்று தெரிந்ததும் அதை மூடிவிட்டுப் போனதில் ஆச்சரியமில்லை.

ஆர்ச்டீக்கன் கிராண்ட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. வாசகர்கள் அவரை வில்லனாக்கிவிடுவார்கள். சபையின் சொத்துக்குக் காவல்நாய் மாதிரி. ஆனால் இந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் பார்செஸ்டரில் ஒரு கூரையும் ஒழுகாமல் நிற்காது என்ற எண்ணம் எனக்கு வாசிக்கும்போதெல்லாம் வருகிறது. எல்லாச் சபையிலும் ஒரு கிராண்ட்லி இருப்பார். அவரைத் திட்டிக்கொண்டே அவர் போட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்து நாம் அன்பைப் பற்றிப் பேசுவோம்.

இதற்கு நேரெதிர் முனையில் ஒரு பிரெஞ்சு நாவல் இருக்கிறது. நம் சூழலில் ‘தி வார்டனை’விட அதிகம் பேசப்படுவது: ஜார்ஜ் பெர்னானோஸின் ‘ஒரு கிராமப் பாதிரியாரின் நாட்குறிப்பு’, 1936. ராபர்ட் ப்ரெஸ்ஸோன் 1951இல் எடுத்த படத்தின் வழியாக இதற்கு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆம்ப்ரிகூர் என்ற ஊருக்கு வரும் பெயரில்லாத இளம் பாதிரியார். வயிற்று வலி, ரொட்டியும் மதுவும்தான் சாப்பாடு. ஊரை நிர்வகிக்கத் துப்பில்லை என்று ஊரும் சொல்கிறது, அவரும் நம்புகிறார். ஆனால் மகன் இறந்த துக்கத்தில் இறுகிக் கல்லாகிப்போன சீமாட்டியோடு அவர் நடத்தும் அந்த உரையாடல், உலக இலக்கியத்தில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் அருகே போன பெரும் தருணங்களில் ஒன்று. அவர் அந்த வீட்டுக்குப் போனது அதற்காகவே இல்லை. மகள் ஷாந்தாலைப் பற்றிப் பேசப் போனார். அன்று ராத்திரியே சீமாட்டி இறந்துபோகிறார். ஊர் பாதிரியாரின் மேல் பழிபோடுகிறது. சீமாட்டி சாவதற்கு முன் அவருக்கு எழுதியனுப்பிய கடிதம் கையில் இருக்கிறது. அதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பயன்படுத்துவதில்லை.

இந்தப் புத்தகத்தை நான் நேசிக்கிறேன். இதன் வாசகர்கள் மேல்தான் எனக்கு ஒரு சின்னக் கோபம். இதை வாசித்துவிட்டு, “பாத்தீங்களா, உண்மையான ஊழியனுக்குக் கணக்கும் கமிட்டியும் எதுக்கு?” என்று கேட்கிற ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறுகிற ஒன்று: பெர்னானோஸின் பாதிரியார் சாகிறார். வயிற்றில் புற்றுநோய், இளம் வயது, லீல் நகரத்தில் நண்பன் வீட்டில். அவருக்கு ஆம்ப்ரிகூரில் இருபதாவது வருஷம் என்று ஒன்று வருவதில்லை. இருபதாவது வருஷத்தில் கோயில் சுவர் விரிசல் விட்டிருக்கும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கிடைத்திருக்க மாட்டார், சீமாட்டியைப் போல இன்னும் நாற்பது பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். அதில் யாரை முதலில் பார்ப்பது என்பது ஒரு பட்டியலின் பிரச்சினை. சீக்கிரம் சாகும் பாதிரியார் எழுத்தாளனுக்கு வசதி. சபைக்கு வசதி இல்லை.

பெர்னானோஸுக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாவிட்டால் டோர்சி ஊர்ப் பாதிரியாரை அவர் படைத்திருக்க மாட்டார். பருத்த உடம்பு, உரத்த குரல், நடைமுறை தெரிந்த மூத்தவர். அவர் இளையவருக்கு ஒரு கதை சொல்கிறார். முன்பு ஒரு பங்கில் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் இருந்தாள். அழுக்கை அடியோடு ஒழித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, தேய் தேய் என்று தேய்த்தாள். ஒவ்வொரு நாளும் அழுக்கு திரும்பி வந்தது. தேய்த்தே செத்துப்போனாள். அவள் பெருக்கியதில் தப்பில்லை, பெருக்குவதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்று நினைத்ததுதான் தப்பு என்பது டோர்சிக்காரரின் கட்சி. நிர்வாகத்தைப் பற்றி நான் வாசித்த புத்திசாலித்தனமான பேச்சு இதுதான். அது ஒரு துறவு மனப்பான்மை கொண்ட நாவலுக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் வாய்க்காத சொல். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் சாப்பாடு பங்கிடுவதில் கிரேக்கம் பேசும் விதவைகள் விட்டுப்போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. நாங்கள் வசனத்தை விட்டுவிட்டு இதைச் செய்துகொண்டிருக்க முடியாது என்று சொல்லி அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மேசைப் பணி என்ற பொருள்தரும் கிரேக்கச் சொற்றொடரை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பந்திவிசாரணை’ என்று சொன்னது. எந்த மகராசன் அந்தச் சொல்லைப் போட்டானோ! விசாரணை என்றால் இன்றைக்கு நமக்குப் போலீஸ் ஸ்டேஷனும் வெற்றிமாறன் படமும் ஞாபகம் வரும். ஆனால் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகிறோம். நோயாளியை நலம் விசாரிக்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வருவார், யாருக்குச் சாம்பார் வரவில்லை, எந்தக் கிழவர் ரசத்துக்குக் காத்திருக்கிறார் என்று. கணக்கெடுப்பதும் கரிசனமும் அந்த ஒரே சொல்லுக்குள் ஒரே நடையாக நடக்கின்றன. இலையை எண்ணாமல் அன்பு காட்ட முடியாது, ஏனென்றால் பந்தியின் கோடியில் இருப்பவர் எண்ணப்பட்டால்தான் கண்ணில் படுவார். அந்த விதவைகள் விட்டுப்போனது யாருடைய கெட்ட மனத்தாலும் என்று அதிகாரம் சொல்லவில்லை. பட்டியல் சரியில்லை, அவ்வளவுதான்.

அந்த அதிகாரத்தை வைத்தே பிரசங்கிகள் வேலையை இரண்டாகப் பிரிப்பார்கள்: வசனம் ஐயருக்கு, பந்தி கமிட்டிக்கு. (தென்மாவட்டத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவது வழக்கம், சாதியைச் சொல்வதில்லை.) ஆனால் கதையைத் தொடர்ந்து வாசித்தால் வேடிக்கை. பந்திக்கென்று தேர்ந்தெடுத்த ஏழு பேரில் ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் நீளமாகப் பிரசங்கம் செய்து கல்லெறிபட்டுச் சாகிறான். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கிக்கிறான், எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறிக்கொள்கிறான். போட்ட கோடு ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை.

இந்தக் கோட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதிய ஒருவர் உண்டு. கி.பி. 590இல் போப்பாண்டவரான முதலாம் கிரகோரி. மடத்தில் அமைதியாக இருக்க ஆசைப்பட்டவரை ரோமாபுரியின் தலையில் கட்டிவிட்டார்கள். வெள்ளம், கொள்ளைநோய், வாசலில் லொம்பார்டியர் படை. பதவிக்கு வந்த புதிதில் அவர் எழுதிய ‘மேய்ப்புப் பணி விதி’யின் இரண்டாம் பாகத்தில், வெளிவேலையில் மூழ்கி உள்வாழ்வை விட்டுவிடாதே, உள்வாழ்வின் பேரில் வெளிவேலையையும் கைவிடாதே என்று ஓர் அத்தியாயம் முழுக்க வாதாடுகிறார். சமநிலை பற்றி இப்படி எழுதுவது எளிது, எல்லாரும் எழுதுவோம். சுவாரஸ்யம் அவருடைய கடிதங்களில் இருக்கிறது, எண்ணூற்றுக்கும் மேல் தப்பியிருக்கின்றன. சிசிலியில் சபை நிலங்களைப் பார்த்துக்கொண்ட பேதுரு என்ற துணைத் திருத்தொண்டருக்கு எழுதுகிறார்: குடியானவர்களிடம் தானியம் அளக்கும் மரக்கால் 18 செக்ஸ்டாரியஸுக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கும் கட்டணம் ஒரு பொற்காசைத் தாண்டக் கூடாது. ஒரு போப்பாண்டவர் மரக்காலின் கொள்ளளவைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்! பெரிய மரக்காலால் ஏமாற்றப்படுகிற சிசிலிக் குடியானவனை அவர் ஒருநாளும் நேரில் பார்க்கப்போவதில்லை. அவனை அணுக அவருக்கு இருந்த ஒரே வழி அந்த எண்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கிரகோரியின் வரலாற்றை எழுதிய யோவான் என்ற திருத்தொண்டர், லாத்தரன் அரண்மனையில் ஒரு பெரிய பேரேடு இருந்ததைச் சொல்கிறார். ரோமிலும் சுற்றுப்புறத்திலும் உதவி பெற்றவர்களின் பெயர், வயது, தொழில், யாருக்கு எவ்வளவு. அதே யோவான் சொல்லும் இன்னொரு கதை: நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் ஓர் ஏழை பசியால் செத்துக் கிடந்தான் என்று கேள்விப்பட்டதும், தானே அவனைக் கொன்றதைப் போல நினைத்து கிரகோரி சில நாட்கள் திருப்பலி நிறைவேற்றவே இல்லையாம். முந்நூறு வருஷம் கழித்து எழுதிய புகழ்மாலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டு கதையையும் சேர்த்து வைத்தால்தான் பொருள். பட்டியல் இருந்ததால்தான் விட்டுப்போன ஒருவன் அவருக்குப் பாவமாகத் தெரிந்தான். ஹார்டிங்கின் இரண்டு பென்ஸில் இல்லாதது இது.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக ஒரு முகம் உண்டு. தஞ்சாவூரில் 1798இல் இறந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். ஹைதர் அலியிடம் 1779இல் கும்பினியின் தூதராகப் போனதைத்தான் பாடப்புத்தகம் சொல்லும். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பின் வந்த பஞ்சம். தஞ்சைக் கோட்டைக்குள் சோறில்லை, வெளியே தானியம் இருக்கிறது. முன்பு கொடுத்ததற்கே காசு வராததால் குடியானவர்கள் வண்டிமாடு கட்ட மறுக்கிறார்கள். சுவார்ட்ஸ் நான் பொறுப்பு என்று சொன்னதும் மாடுகள் வந்தன. பிறகு அவர் செய்ததுதான் ஊழியம்: சொன்னபடி எண்ணிக் கொடுத்தார். கொடுக்கத் தவறியிருந்தால், அவர் பண்ணிய பிரசங்கத்தை அடுத்த வருஷம் எவன் கேட்டிருப்பான்?

இன்றைய தமிழ்ச் சேகரத்துக்கு வருவோம். ஒரு சேகர குருவானவரின் ஒரு வாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேகரத்துக்குள் ஏழெட்டுக் கிராமச் சபை, ஒவ்வொன்றிலும் ஆராதனை. சபைப் பள்ளிக்கூடம் இருந்தால் அதன் பொறுப்பும் பெரும்பாலும் அவர் தலையில். கமிட்டிக் கூட்டம், மினிட் புத்தகம், சங்கக் காணிக்கை, அசனத்துக்கு ஆடு எத்தனை என்கிற பஞ்சாயத்து, கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறு, தேர்தல் வந்தால் இரண்டு கட்சி. இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் ஒருவர் இழுத்துக்கொண்டிருப்பார். “ஐயர் வந்து ஜெபம் பண்ணலியே” என்ற ஒரு வரி ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அவர் அன்றைக்குத் தாலுகா ஆபீஸில் நின்றுகொண்டிருந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. நிற்க வேண்டியதும் இல்லை.

எங்கள் சேகரத்துக்கு நான் பள்ளியில் படிக்கும்போது வந்த ஓர் ஐயர், கோடுபோட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை அங்கியோடு சேர்த்தே எடுத்து வருவார். தெருத்தெருவாக வீட்டுப் பெயர், யாருக்கு என்ன, கடைசியாகப் போன தேதி. பிரசங்கம் சுமார்தான், தூக்கம் வரும். “இவரு என்ன ரேஷன் கார்டு கணக்கெடுக்காரா?” என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். சங்கம் கட்டாத வீடுகளுக்கு அதற்கு முன்பு எந்த ஐயரும் போனதில்லை. அவர்களாக வந்து கூப்பிடவும் வெட்கம். நோட்டில் இருந்ததால் அந்த வீடுகளும் முறைவந்தபோது வந்தன, மற்ற வீடுகளைப் போலவே. மனதில் பட்டவர்களைப் பார்க்கப் போகிறேன் என்கிற ஐயருக்கு மனதில் படுகிறவர்கள் பெரும்பாலும் மாடிவீட்டுக்காரர்களாகத்தான் இருக்கிறார்கள். வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்லவரவில்லை. மனம் அப்படித்தான் ஓடும், பள்ளத்துக்குத் தண்ணீர் மாதிரி.

கையெழுத்தின் கனத்தையும் சொல்லவேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஓலை வாசித்து நடத்திவைத்த கல்யாணத்தைப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்திடுவது குருவானவரின் கடமை. அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள், பதிவு சரியில்லாததால் கணவன் இறந்தபின் அலைகிற ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை. ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் சிக்கல். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துகள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். கோயில் அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய புத்தகத்தின் ஒரு வரி ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தொடுகிறது. சான்று கேட்டு வாசலில் நிற்கிற தாயிடம், “பேப்பர் விஷயமெல்லாம் கிளார்க்கைப் பாருங்கம்மா, நான் ஜெபத்துல இருக்கேன்” என்று சொல்கிறவர் எதிலிருந்து எதைப் பிரிக்கிறார்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, காகிதம் ஆளைத் தின்னாது என்று நான் சாதித்தால் அது பொய். தின்கிறது. பதிவேற்றியே பாடம் நடத்த நேரமில்லாமல் போன எமிஸ் யுகத்து வாத்தியார்களைக் கேளுங்கள், வார்டு நர்ஸுகளைக் கேளுங்கள். டிராலப்புக்கும் இது தெரிந்திருந்தது. அடுத்த நாவலான ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ 1857இல் வந்தபோது, அதில் ஒபதாயா ஸ்லோப் என்ற ஆயரின் இல்லக் குருவை இறக்கிவிட்டார். அறச்சாலையைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச் சீர்செய்துவிட்டது. வார்டனுக்கு இனி 450 பவுண்டு, கிழவர்களோடு பன்னிரண்டு கிழவிகளும். வேடிக்கை பாருங்கள், போல்ட் கேட்ட கேள்விக்கு யாரோ கடைசியில் உட்கார்ந்து விடை எழுதியிருக்கிறார்கள். ஹார்டிங்குக்கே பதவி திரும்பிக் கிடைக்கும் என்று ஊர் நம்புகிறது. ஸ்லோப் அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறான்: புதுக் கடமைகள், ஓய்வுநாள் பள்ளி, பழைய நூற்றாண்டுகளின் குப்பையை வண்டியில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோகிற காலம் இது. எதிரில் இருக்கும் கிழவரின் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் அதில் ஒரு காலியிடத்தைத்தான் பார்க்கிறான். பேச்சு முடிவதற்குள் ஹார்டிங் பதவியை மறுத்துவிட்டார் என்று அவனே ஒரு முடிவை உண்டாக்கிக்கொள்கிறான். விசாரணையில் கரிசனம் கழன்று விழுந்தால் மிச்சம் இருப்பது இந்த ஸ்லோப்தான். நம் சபைகளில் இவனை எனக்கு நன்றாகத் தெரியும், இப்போது பவர்பாயிண்ட் போடுகிறான்.

பதவி குவிவர்ஃபுல் என்ற ஏழைப் பாதிரியாருக்குப் போகிறது. பதினான்கு பிள்ளைகள், ஓட்டைச் செருப்பு. அறச்சாலைக் கிழவர்களுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. மிஞ்சியிருக்கும் பன்ஸ், பழைய எஜமான் திரும்பி வருவார் என்றே காத்திருந்தவர். இந்த இடத்தில் ஹார்டிங் செய்வதை டிராலப் ஏறக்குறைய கடந்துபோகிற மாதிரிதான் சொல்கிறார், நாவலின் கடைசிப் பக்கங்களில், எல்லாக் கல்யாணமும் முடிந்த பிறகு. குவிவர்ஃபுல் தனியாக வாசலில் போய் நின்றால் அந்நியனாக நிற்பார் என்று ஹார்டிங்குக்குத் தோன்றுகிறது. அவரைக் கையோடு கைகோத்து அழைத்துக்கொண்டு, தான் எழுந்து வந்த அதே வீட்டுக்குள் போகிறார். கிழவர்களைக் கூட்டி, இவர்தான் உங்கள் புது வார்டன் என்று அறிமுகம் செய்துவைக்கிறார்.